சாங்ஷன்: கொடுப்பதா, தடுப்பதா?

கரைகாணி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். வளைகுடாப் போரைப் பற்றிய ஒரு கட்டுரையின் தமிழாக்கம் திருத்தத்துக்காக என்னிடம் வந்திருக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘சாங்ஷன்’ (sanction) என்ற சொல் ஒரே பத்தியில் இரண்டு முறை வருகிறது. முதலில் பெயர்ச்சொல்லாக: ஐ.நா. பாதுகாப்புச் சபை 1990 ஆகஸ்டில் ஈராக்கின் மீது சாங்ஷன்களை விதித்தது. இரண்டு வரி தள்ளி வினைச்சொல்லாக: அதே சபை நவம்பரில் படைபலத்தைப் பயன்படுத்துவதை சாங்ஷன் செய்தது.

மொழிபெயர்த்தவர் இரண்டு இடத்திலும் ‘தடை’ என்று போட்டுவிட்டார். அவர் எழுதியபடி பார்த்தால் சபை ஆகஸ்டில் வணிகத்துக்குத் தடை விதித்தது, நவம்பரில் போருக்கும் தடை விதித்தது. அடுத்த பத்தியில் பாக்தாதின் மேல் குண்டு விழுகிறது. சபை தடுத்தும் கேளாமல் போர் தொடுத்தார்கள் என்றுதான் தமிழில் படிப்பவர் நினைப்பார். நடந்தது அதற்கு நேர் எதிர்.

என் கேள்வி இரண்டு. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி ஏதாவது உண்டா? ஒரே சொல் ‘அனுமதி’, ‘தண்டனை’ இரண்டையும் எப்படிச் சுமக்கிறது? அகராதியில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. காரணத்தை மட்டும் அது சொல்வதில்லை.

---

பொறியாளன்

கடன் சாங்ஷன் ஆனால் மகிழ்ச்சி. நாட்டின் மீது சாங்ஷன் வந்தால் துக்கம். கடனைத் திருப்பிக் கட்டும்போது இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கிவிடும்.

---

மெய்ப்பர்

பொறியாளன் விளையாட்டாகச் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. நான் பல ஆண்டுகளாகக் கையாளும் வழியைச் சொல்கிறேன். வினைச்சொல்லாக வந்தால் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். சாங்ஷன் செய்யப்படுவது ஒரு செயலா, அல்லது ஓர் ஆளா, நாடா, நிறுவனமா?

செயல், திட்டம், செலவு, திருமணம், போர், போட்டி என்று ஏதாவது வந்தால் பொருள் ‘ஒப்புதல் அளித்தல்’. ஆள், நாடு, வங்கி, கப்பல் என்று வந்தால் ‘தண்டனை நடவடிக்கை எடுத்தல்’. ஒரு தாக்குதலை சாங்ஷன் செய்தார் என்றால் தாக்கச் சொன்னார். ஓர் அமைச்சரை சாங்ஷன் செய்தார்கள் என்றால் அவருடைய சொத்தை முடக்கினார்கள், பயணத்தைத் தடுத்தார்கள். உங்கள் நவம்பர் வாக்கியத்தில் செயப்படுபொருள் ‘படைபலத்தைப் பயன்படுத்துவது’. அது ஒரு செயல். ஆகவே ஒப்புதல்.

பெயர்ச்சொல்லுக்கு வேறு சோதனை. ஒருமையில், ஒருவருக்கு உரியதாக வந்தால் பெரும்பாலும் ஒப்புதல்: ‘மன்னரின் சாங்ஷன் இல்லாமல்’, ‘சட்டத்தின் சாங்ஷனோடு’. பன்மையில், ஒருவர் மீது ஏவப்படுவதாக வந்தால் தண்டனை. கூடவே வரும் வினையும் காட்டிக்கொடுத்துவிடும். விதிப்பது, நீக்குவது, தளர்த்துவது, மீறுவது எல்லாம் தண்டனைப் பக்கம். பெறுவது, வழங்குவது, நாடுவது ஒப்புதல் பக்கம்.

---

நுணல்

மெய்ப்பரின் சோதனை அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் சந்தேகம் வருகிறது. ‘மருத்துவரின் நடத்தையை வாரியம் சாங்ஷன் செய்தது.’ செயப்படுபொருள் நடத்தை, அதாவது செயல். உங்கள் விதிப்படி வாரியம் அவருக்கு முதுகில் தட்டிக்கொடுத்தது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய செய்தியில் இதே வாக்கியம் வந்தால் அவருடைய உரிமத்தையே பறித்திருக்கலாம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

---

மெய்ப்பர்

அப்படி எழுதியவரை முதலில் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறேன். கவனமுள்ள ஆங்கில எழுத்தாளர் அந்த இடத்தில் மருத்துவரைத்தான் செயப்படுபொருளாக வைப்பார்; நடத்தையை வைக்க மாட்டார். கவனமில்லாதவர் எழுதியதை மொழிபெயர்க்க நேர்ந்தால் முன்பின் பத்திகளைத்தான் நம்ப வேண்டும். சோதனை தவறுகிற இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரைகாணியின் பத்தியில் அது தவறாது.

---

வழக்குரை

சட்டம் கற்பிக்கிறவன் என்பதால் இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘சாங்கிரே’ என்ற வினை: புனிதமாக்குதல், மீற முடியாதபடி உறுதி செய்தல், ஆணையாக நிறுவுதல். ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் ‘செயின்ட்’, புகலிடத்தைக் குறிக்கும் ‘சாங்சுவரி’ இரண்டும் இதே குடும்பம். இந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘சாங்தியோ’. ரோமானியச் சட்டத்தில் அது துல்லியமான தொழிற்சொல். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், 533இல் வெளியான ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்ற சட்டப் பாடநூல் அதற்கு விளக்கமே தருகிறது: சட்டத்தை மீறுவோருக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு சாங்தியோ என்று பெயர்.

அந்த விளக்கம் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் சுவையானது. நகரத்தின் மதில்களையும் வாயில்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வருகிறது. மதில்கள் ‘சாங்தே’, அதாவது காப்புடையவை, என்கிறது நூல். ஏன்? மதிலுக்குக் கேடு செய்தவனுக்கு மரண தண்டனை உண்டு, அதனால். அதே காரணத்தால்தான் சட்டத்தின் தண்டனைப் பகுதியை சாங்தியோ என்கிறோம் என்று அடுத்த வரி. மதில் தெய்வீகமானது என்பதற்காக அதைத் தொட்டவனைக் கொன்றார்கள் என்று நாம் நினைப்போம். நூல் தலைகீழாகச் சொல்கிறது: தொட்டால் தண்டனை உண்டு, ஆகவே அது புனிதம்.

இதைப் பிடித்துக்கொண்டால் சொல் ஏன் இரண்டாகக் கிளைத்தது என்பது தெரியும். ஓர் ஏற்பாட்டுக்கு யாரும் அசைக்க முடியாத உறுதியைக் கொடுப்பதுதான் மூலப் பொருள். கொடுப்பவர் பக்கம் நின்று பார்த்தால் அது அங்கீகாரம். மீறுபவர் பக்கம் நின்று பார்த்தால் அது தண்டனை. ஆங்கிலத்துக்குப் பெயர்ச்சொல் முதலில் வந்தது, ஆணை என்றும் ஆணையை மீறினால் வரும் தண்டனை என்றும். வினைச்சொல் பிந்தியது, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதுவும் ‘உறுதிப்படுத்துதல், ஒப்புதல் தருதல்’ என்ற பொருளில் மட்டும். ‘ஒருவரைத் தண்டித்தல்’ என்ற வினைப்பொருள் இருபதாம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லிலிருந்து எடுத்துச் செய்துகொண்டது. ஆகவே நீண்ட காலம் பெயர்ச்சொல்லுக்கு இரண்டு முகம் இருந்தது, வினைச்சொல்லுக்கு ஒன்றுதான். இப்போது வினையும் இரட்டை முகம் காட்டத் தொடங்கியதால்தான் நுணல் எடுத்துக்காட்டிய மருத்துவர் வாக்கியம் பிறக்கிறது.

வினையின் இந்தப் புதிய முகத்தை அமெரிக்க நீதிமன்றங்களில் அடிக்கடி பார்க்கலாம். அங்கே கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் பதினோராவது விதி, அடிப்படையில்லாத மனுவில் கையெழுத்திடும் வழக்கறிஞருக்கு சாங்ஷன் விதிக்கலாம் என்கிறது. 1983இல் செய்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. 1993இல் மீண்டும் நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ‘வழக்கறிஞரை நீதிபதி சாங்ஷன் செய்தார்’ என்று அங்கே எழுதினால் பாராட்டினார் என்று எவரும் நினைப்பதில்லை.

---

கரைகாணி

வழக்குரை ஐயா, மதில் விஷயம் ஒன்றுக்கே இந்த இழையைத் தொடங்கியது பலித்துவிட்டது.

---

செங்காந்தள்

ஒலிப்பு நம்மைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் ஒரே எழுத்துகள் உள்ள பல சொற்களில் அழுத்தம் இடம் மாறும். ‘ரெக்கார்ட்’ பெயராக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாம் அசையில். ‘அப்ஜெக்ட்’ முதல் அசையில் அழுந்தினால் பொருள், இரண்டாம் அசையில் அழுந்தினால் எதிர்ப்புத் தெரிவித்தல். ‘ரெஃப்யூஸ்’ பெயரானால் குப்பை, வினையானால் மறுத்தல். அதில் கடைசி மெய்யின் ஒலியும் மாறிவிடும். கேட்டாலே தெரிந்துவிடுகிறது.

இந்த வழக்கம் மெல்லப் பரவியது என்பது மொழியியலாளர்கள் விரும்பிச் சொல்லும் கதை. 1570இல் வெளியான லெவின்ஸின் அகராதியை வைத்துப் பார்த்தால் அன்று இப்படி அழுத்தம் மாறிய இணைகள் மூன்றுதான்: ‘அவுட்லா’, ‘ரெபெல்’, ‘ரெக்கார்ட்’. பிறகு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கூடி, 1934 அளவில் நூற்றைம்பதை எட்டிவிட்டது. ஒரு சொல் போன வழியில் இன்னொரு சொல். விதி ஒன்றை யாரும் போடவில்லை.

சாங்ஷன் அந்த வரிசையில் சேரவே இல்லை. பெயரானாலும் வினையானாலும் முதல் அசையில்தான் அழுத்தம். அதற்கு நேர் பொருளுள்ள ‘பெர்மிட்’ சேர்ந்துவிட்டது, இது சேரவில்லை. பெரும் பொருள் வேறுபாடு உள்ள சொல்லுக்குத்தான் ஒலி வேறுபாடு வரும் என்று யாராவது கோட்பாடு சொன்னால் இந்தச் சொல்லைக் காட்டி வாயடைக்கலாம்.

---

பொறியாளன்

அப்படியென்றால் காதால் கேட்டாலும் ஆபத்து, கண்ணால் பார்த்தாலும் ஆபத்து. வானொலிச் செய்தியில் சாங்ஷன் என்று வந்தால் ஒலியை அடக்கிவிடுவதே பாதுகாப்பு.

---

நுணல்

மெய்ப்பருக்கு இன்னொரு கணை வைத்திருக்கிறேன். விளையாட்டுப் பக்கம் வாருங்கள்.

குத்துச்சண்டையில் உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளை ‘சாங்ஷனிங் பாடி’ என்றுதான் சொல்வார்கள். போட்டியை அங்கீகரிப்பது அவற்றின் வேலை. பட்டத்துக்காக மோதுகிறவர்களிடம் அதற்கென்று ‘சாங்ஷனிங்’ கட்டணமும் வாங்கிக்கொள்கின்றன. சாங்ஷன் பெற்ற போட்டி என்றால் முறையான போட்டி. அதே வீரர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு விதித்தொகுப்பின் பத்தாம் பிரிவுக்குத் தலைப்பே ‘தனிநபர்கள் மீதான சாங்ஷன்கள்’. வேண்டுமென்றே செய்தது என்றால் 2015 முதல் நான்கு ஆண்டு விலக்கம். ஆக, சாங்ஷன் பெற்ற வீரர் சாங்ஷன் பெற்ற போட்டியில் ஆடக் கூடாது. ஒரே வாக்கியம். ஒரே பெயரடை. ஆங்கில வாசகர் கண்ணிமைக்காமல் படித்துவிட்டுப் போகிறார்.

---

மெய்ப்பர்

நுணல், இது கணை அன்று, எனக்குச் சார்பான சாட்சி. வீரர் ஆள், ஆகவே தண்டனை. போட்டி நிகழ்வு, ஆகவே ஒப்புதல். என் சோதனையை என்னைவிட நன்றாக விளக்கிவிட்டீர்கள். ‘தண்டனைக்குள்ளான வீரர் அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடக் கூடாது’ என்று தமிழில் எழுதினால் வாசகருக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் முழுவதும் ‘சாங்ஷன் என்றால் தடை’ என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளருக்குத்தான்.

தடை என்பதுமே எனக்கு முழு நிறைவு தராத சொல். தமிழ் நாளேடுகளில் ஒரு பொருளை ஏற்றுமதி செய்யக் கூடாது என்பதும் தடை, ஓர் அமைப்பைச் செயல்படக் கூடாது என்பதும் தடை, நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைப்பதும் தடை, வங்கிக் கணக்கை முடக்குவதும் தடை. ஆங்கிலத்தில் இவை நான்குக்கும் நான்கு சொற்கள். ‘பொருளாதாரத் தடை’ என்று முழுதாக எழுதினால் பிழைத்துக்கொள்ளலாம். தலைப்பில் இடம் போதாமல் ‘பொருளாதார’ உதிர்ந்துவிடுகிறதே, அங்கேதான் வம்பு.

---

ஏடுதூக்கி

ஆங்கிலத்தைப் பார்த்து எல்லாரும் வியப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நம் வீட்டிலேயே இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: ‘விலக்கு’.

வரிவிலக்கு என்றால் வரியிலிருந்து விடுதலை. உங்களுக்குச் சலுகை. மதுவிலக்கு என்றால் மதுவுக்குத் தடை. உங்களுக்குச் சலுகை இல்லை. இரண்டு சொல்லும் ஒரே அமைப்பு: முன்னால் ஒரு பெயர், பின்னால் ‘விலக்கு’. ஆனால் முதலாவதில் ஆளை வரியிலிருந்து விலக்குகிறோம். இரண்டாவதில் மதுவை ஆளிடமிருந்து விலக்குகிறோம். விலகுவது எது என்பதை இலக்கணம் சொல்லவில்லை, உலக அறிவு சொல்கிறது. வரிவிலக்கு கேட்டு மனு கொடுத்தவரை வரியே கூடாது என்று போராடுகிறவராக யாராவது எடுத்துக்கொள்கிறார்களா? மெய்ப்பர் சொன்ன செயப்படுபொருள் சோதனை இங்கேயும் அப்படியே நிற்கிறது.

‘விதிவிலக்கு’ இன்னும் நுட்பமானது. இன்று அதை ஒரே சொல்லாக, விதிக்குள் அடங்காதது என்ற பொருளில் எழுதுகிறோம். பழைய உரைகளில் விதியும் விலக்கும் இரண்டு எதிர்ப்பொருட்கள்: செய் என்பது விதி, செய்யாதே என்பது விலக்கு. அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் ஆம் என்று திருக்குறள் உரையின் முகப்பில் பரிமேலழகர் எழுதியதை நினைத்துப் பாருங்கள். அங்கே ‘விதித்தன’ என்றால் செய்யச் சொன்னவை. இன்றோ ‘தடை விதித்தார்கள்’, ‘அபராதம் விதித்தார்கள்’, ‘சாங்ஷன் விதித்தார்கள்’ என்று விதிப்பது முழுவதும் தண்டனைப் பக்கமே போய்விட்டது. அனுமதியை யாரும் விதிப்பதில்லை, வழங்குகிறார்கள். ஆக சாங்ஷனைப் போலவே நம் ‘விதி’யும் ஆணையிலிருந்து கிளம்பித் தண்டனைப் பக்கம் சாய்ந்த சொல்தான்.

---

செங்காந்தள்

மதுவிலக்கு, வரிவிலக்கு! இவ்வளவு காலம் இரண்டையும் எழுதிக்கொண்டிருந்தும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.

---

கொடிமுல்லை

ஒரு முன்மொழிவு வைக்கிறேன். தண்டனைப் பொருளுக்கு ‘ஒறுப்பு’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாமே. ஒறுத்தல் குறளில் வரும் நல்ல தமிழ்ச் சொல். ‘பொருளியல் ஒறுப்பு’, ‘ஒறுப்பு நடவடிக்கை’ என்று எழுதினால் ஒப்புதலோடும் குழம்பாது, தடையோடும் குழம்பாது.

---

நுணல்

‘ஒறுப்பு’ என்று எழுதுவீர்கள், அச்சில் ‘வெறுப்பு’ என்று வரும், வாசகர் அதுவும் பொருந்துகிறதே என்று படித்துக்கொள்வார். சொல் நல்லதுதான். ஆனால் கரைகாணியின் கட்டுரை அடுத்த வாரம் வெளிவர வேண்டியது. அடுத்த நூற்றாண்டில் அன்று.

---

கொடிமுல்லை

எல்லாச் சொல்லும் ஒருநாள் புதிதாக இருந்ததுதான், நுணலாரே. ‘பொருளாதாரம்’ என்ற சொல்லை முதன்முதலில் அச்சில் பார்த்தவரும் உங்களைப் போலத்தான் முணுமுணுத்திருப்பார்.

---

வழக்குரை

ஒறுப்பு என்பதில் எனக்கு வேறு ஒரு தயக்கம் இருக்கிறது. சாங்ஷன் தண்டனை மட்டும்தானா என்பதே சட்டத் தத்துவத்தில் பழைய சண்டை.

ஆங்கிலச் சட்டத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் சாங்ஷன்கள் நான்கு என்கிறார்: இயற்கை, அரசு, ஊரார் கருத்து, சமயம். ஒரு செயலைச் செய்யவோ விடவோ மனிதனைக் கட்டுப்படுத்தும் இன்ப துன்பங்கள் இந்த நான்கு ஊற்றுகளிலிருந்துதான் வருகின்றன என்பது அவர் வாதம். அவர் கொடுக்கும் எடுத்துக்காட்டு மனத்தில் நிற்கும். ஒருவனுடைய பொருட்கள் தீயில் எரிந்துபோகின்றன. மெழுகுவர்த்தியை அணைக்காமல் விட்ட அவனுடைய அலட்சியத்தால் எரிந்தால் அது இயற்கை தந்த தண்டனை. நீதிபதியின் ஆணையால் எரித்தால் அரசு தந்தது. அவனுடைய ஒழுக்கம் பிடிக்காமல் அக்கம்பக்கத்தார் உதவிக்கு வராததால் எரிந்தால் அது ஊரார் தந்தது. இறைவனின் சினத்தால் எரிந்தால் சமயம் தந்தது. நெருப்பு ஒன்றுதான். அதை ஏவியது யார் என்பதில்தான் வேறுபாடு. கவனியுங்கள், பெந்தம் இன்பத்தையும் கணக்கில் சேர்க்கிறார். அவருக்குப் பரிசும் சாங்ஷன்தான்.

அவருக்குப் பின் வந்த ஜான் ஆஸ்டின் 1832இல் அந்தக் கதவைச் சாத்தினார். கட்டளை என்பது ஒரு விருப்பம். அதைக் கேட்காவிட்டால் ஒரு தீங்கு வரும். அந்தத் தீங்குக்குத்தான் சாங்ஷன் என்று பெயர். பரிசு தருகிறேன் என்று சொல்வது கட்டளை ஆகாது, அதை சாங்ஷன் என்பது சொல்லின் நிலைத்த பொருளிலிருந்து வெகுதூரம் விலகுவது என்று வெளிப்படையாகவே மறுத்தார். சட்டக் கல்லூரிகளில் இன்று பெயர்ச்சொல் தண்டனைப் பொருளில் உறைந்து நிற்பதற்கு ஆஸ்டினின் பங்கு பெரிது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் வென்றது அவர்தான்.

இன்னொரு பழைய பொருளும் உண்டு. 1713இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் பிறப்பித்த ‘பிராக்மாட்டிக் சாங்ஷன்’ தடையும் அன்று, தண்டனையும் அன்று. ஆஸ்திரியா முதலான ஹாப்ஸ்பர்க் குலத்து நாடுகள் பிரியாமல் ஒரே வாரிசுக்குப் போக வேண்டும், ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளுக்குப் போகலாம் என்று வழி திறந்த ஆணை அது. அதை ஒப்புக்கொள்ளும்படி ஐரோப்பிய அரசுகளிடம் பேரரசர் ஆண்டுக்கணக்கில் கையெழுத்து வாங்கினார். 1740 அக்டோபரில் அவர் இறந்தார். மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்து இரண்டு மாதத்துக்குள் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் அவருடைய ஆட்சிக்குட்பட்ட சைலீசியாவுக்குள் படையோடு நுழைந்துவிட்டார். இதைத் தமிழில் ‘தடை’ என்று எழுதினால் மகளின் உரிமையைத் தந்தையே தடுத்ததாக ஆகிவிடும்.

---

கரைகாணி

பன்மைப் பொருள், அதாவது நாடுகள் சேர்ந்து இன்னொரு நாட்டை நெருக்குவது, எப்போது நிலைபெற்றது? ஐ.நா. சாசனத்தில் அந்தச் சொல் இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். நாற்பத்தொன்றாம் உறுப்பில் இல்லையே.

---

வழக்குரை

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நாற்பத்தொன்றாம் உறுப்பு ‘ஆயுதப் படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள்’ என்றுதான் சொல்கிறது. பொருளாதார உறவுகளைத் துண்டிப்பது, ரயில், கடல், வான், அஞ்சல், தந்தி, வானொலித் தொடர்புகளை நிறுத்துவது என்று பட்டியல் போடுகிறது. சாங்ஷன் என்ற சொல் அந்த உறுப்பில் வருவதே இல்லை. ஆனால் உலகம் முழுவதும் அந்த உறுப்பை அந்தப் பெயரால்தான் அழைக்கிறது.

பெயர் ஒட்டிக்கொண்டது அதற்கு முன்பு, முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த நாடுகள் சங்கத்தின் காலத்தில். இத்தாலி 1935 அக்டோபரில் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்தது. சங்கத்தின் உடன்படிக்கையில் பதினாறாம் உறுப்பின்படி நடவடிக்கைகள் நவம்பர் 18 அன்று நடப்புக்கு வந்தன. ஆயுதம், கடன், இத்தாலியிலிருந்து இறக்குமதி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். எண்ணெயை மட்டும் விட்டுவிட்டார்கள். சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. இத்தாலியப் படைக் கப்பல்கள் அதன் வழியாகவே போய்வந்தன. 1936 மே மாதம் அபிசீனியத் தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது, ஜூலையில் சாங்ஷன்களை விலக்கிக்கொண்டார்கள். அன்றைய செய்தித்தாள்களில் நாள்தோறும் அடிபட்டதில்தான் இந்தச் சொல் பொதுமக்கள் வாய்க்கு வந்தது.

மெய்ப்பரின் சோதனையை அன்றைய நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தால் ஒரு கசப்பான வேடிக்கை கிடைக்கும். எண்ணெயை விட்டுவைத்ததன் மூலம் சங்கம் இத்தாலியின் மீது சாங்ஷன் விதித்தது, இத்தாலியின் படையெடுப்பை சாங்ஷன் செய்தது. இரண்டு வாக்கியமும் ஆங்கிலத்தில் பிழையில்லாதவை.

---

ஏடுதூக்கி

அந்தக் கடைசி வரிக்காக உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

---

செங்காந்தள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். இதைவிட மோசமானது ‘டேபிள்’. பெயர்ச்சொல்லாக மேசை. வினைச்சொல்லாகப் பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் டேபிள் செய்தால் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத் தலைமையினரும் கூடிய கூட்டத்தில் ஒரு குறிப்பை டேபிள் செய்வோம் என்று பிரிட்டிஷார் சொல்ல, அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று எதிர்க்க, நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் அதை உடனே பேச வேண்டும் என்றே விரும்பியது தெரிந்ததாம். சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சாங்ஷனிலாவது எல்லா நாட்டு ஆங்கிலமும் சேர்ந்தே குழப்புகிறது.

---

மட்டுறுத்துநர்

‘டேபிள்’ பற்றிப் பேச விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே அதைக் கிடப்பில் போடுகிறேன். அமெரிக்க முறைப்படி.

---

பொறியாளன்

இப்போது ஒரு விளையாட்டில்லாத கேள்வி. கணினி மொழிபெயர்ப்பை வைத்து முதல் வரைவு எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். இந்தச் சொல்லில் அது எப்படி நடந்துகொள்ளும்?

---

மெய்ப்பர்

செய்திக் கட்டுரைகளில் பழகிய இயந்திரத்துக்குத் தண்டனைப் பொருள்தான் அதிகம் கண்ணில் பட்டிருக்கும். வாக்கியம் எளிதாக இருந்தால் சரியாகவே தருகிறது. பெயரடையாக, செயப்பாட்டு வினையாக, நீண்ட வாக்கியத்தின் நடுவே வந்தால் தடுமாறுகிறது. நான் செய்வது இது: வரைவில் ‘தடை’ என்று வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடி எடுத்து மூலத்தோடு ஒப்பிடுவேன். சலிப்பான வேலைதான். ஆனால் இதில் நேரும் பிழை சாதாரண எழுத்துப்பிழை போன்றதன்று. வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருக்கும், ஓட்டமாகவும் இருக்கும், பொருள் மட்டும் நேர் எதிராக நிற்கும். படிப்பவருக்கு ஐயமே எழாது.

குறிப்பாக ‘அரசு சாங்ஷன் செய்த வன்முறை’ போன்ற தொடர்களில் கவனம் வேண்டும். ‘அரசு தடை செய்த வன்முறை’ என்று தமிழில் வந்துவிட்டால் குற்றவாளியை நல்லவனாக்கிவிட்டோம்.

---

கரைகாணி

எல்லாருடைய உதவியோடும் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

‘ஈராக் குவைத்தைக் கைப்பற்றிய நான்காம் நாள், 1990 ஆகஸ்ட் 6 அன்று, பாதுகாப்புச் சபை 661ஆம் தீர்மானத்தின் மூலம் ஈராக்கின் மீது பொருளாதாரத் தடைகளை விதித்தது. பதின்மூன்று நாடுகள் ஆதரித்தன. கியூபாவும் ஏமனும் வாக்களிக்கவில்லை. நவம்பர் 29 அன்று அதே சபை, ஈராக் ஜனவரி 15க்குள் வெளியேறாவிட்டால் படைபலத்தைப் பயன்படுத்துவதற்கு 678ஆம் தீர்மானத்தின் மூலம் ஒப்புதல் அளித்தது. இம்முறை கியூபாவும் ஏமனும் எதிர்த்து வாக்களித்தன, சீனா ஒதுங்கிக்கொண்டது.’

---

நுணல்

தெளிவாக இருக்கிறது. ஒரு குறை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘ஒப்புதல் அளித்தது’ என்றால் யாரோ முன்பே வந்து கேட்டு, சபை தலையசைத்தது போல ஒலிக்கிறது. தீர்மானத்தின் சொற்கள் அப்படி இல்லை. உறுப்பு நாடுகளுக்கு, ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்த அதிகாரம் அளிக்கிறது என்பதுதான் வாசகம். ‘அதிகாரம் அளித்தது’ என்று எழுதுங்கள். படைபலம் என்ற சொல்லையே தீர்மானம் உச்சரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

---

மெய்ப்பர்

அவர் மொழிபெயர்ப்பது கட்டுரையை, தீர்மானத்தை அன்று. கட்டுரையாளர் தீர்மானத்தின் சொல்லை விட்டுவிட்டு சாங்ஷன் என்று எழுதியது வேண்டுமென்றே செய்த தேர்வாக இருக்கலாம். ஆகஸ்டில் பெயராக வந்த சொல்லை நவம்பரில் வினையாகத் திருப்பிக் காட்டுவது ஆங்கிலத்தில் ஒரு நயம். அந்த நயம் தமிழில் வராது, போகட்டும். அதற்காகக் கட்டுரையாளரின் வாயில் தீர்மானத்தின் வாசகத்தைத் திணிக்க வேண்டியதில்லை.

---

வழக்குரை

இருவருக்கும் நடுவே ஒரு சொல் இருக்கிறது: ‘இசைவு’. கேட்டுத் தருவதும் ஆகும், கேளாமல் தருவதும் ஆகும்.

---

கரைகாணி

இசைவு மென்மையாக இருக்கிறது ஐயா. போருக்கு இசைந்தது என்றால் கல்யாணத்துக்கு இசைந்தது போலத் தொனிக்கிறது. ‘ஒப்புதல்’ இருக்கட்டும். நுணல் சொன்ன ‘தேவையான எல்லா வழிகளையும்’ என்ற வாசகத்தை அடுத்த வாக்கியத்தில், கட்டுரையாளரே மேற்கோள் காட்டும் இடத்தில், அதே சொற்களில் வைத்துவிட்டேன். கோப்பு இன்று மாலை ஆசிரியருக்குப் போகிறது.

---

நுணல்

‘தேவையான’வா, ‘அவசியமான’வா?

---

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை.